அம்மா பேரில் பறித்த பழம்

அத்தியாயம் 14

மரியஜோசப்புக்கு அன்று காலை இட்லி இறங்கவில்லை. நான்கு வைத்தால் ஐந்தாவதுக்குத் தட்டை நீட்டுகிற மனிதர், ஒன்றோடு கையைக் கழுவிக்கொண்டார். சாந்தாமேரி கவனிக்காமல் இல்லை. மகளுக்குக் கல்லூரியில் சீட் கிடைத்த சந்தோஷத்தில் மனுஷனுக்குப் பசி போய்விட்டது என்று தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள்.

உண்மைக் காரணம் அவர் கையிலிருந்த ஃபைல். அது தெரிந்தவர்கள் அந்த வீட்டில் இரண்டே பேர், அவரும் மகள் செல்வமேரியும்.

சேலத்து அடிவாரத்தில் கன்னியர் நடத்துகிற மகளிர் கல்லூரியில் மரியஜோசப் ஹெட் கிளார்க். அங்கே கணித வகுப்புக்கு நாற்பது இடம். கல்லூரி தானே வைக்கிற நுழைவுத் தேர்வில் முதல் நாற்பதுக்குள் வந்தால் இடம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பள்ளிக்கூட மார்க்கை யாரும் கேட்பதில்லை. "நாம் பொறுக்கி எடுக்கிற பிள்ளைகள்தான் மூன்று வருஷம் கழித்தும் நன்றாக வருகிறார்களா? பழைய ரிஜிஸ்டரைப் புரட்டிச் சொல்லுங்கள்" என்று முதல்வர் மதர் போன மாதம் கேட்டுவிட்டார். மரியஜோசப்பும் புரட்டினார். பிளஸ் டூ வந்த பிறகு படித்து முடித்துப் போனது ஆறு செட், இருநூற்று நாற்பது பெண்கள்.

நுழைவுத் தேர்வில் வருஷா வருஷம் முதல் பத்தில் வந்தவர்கள் மொத்தம் அறுபது பேர். அவர்களில் பட்டப்படிப்பில் முதல் வகுப்பு வாங்கியவர்கள் இருபத்தெட்டு. பள்ளி மார்க்கில் முதல் பத்தாக இருந்த அறுபது பேரில் முதல் வகுப்பு நாற்பத்தாறு. மூன்று மணி நேரத் தேர்வைவிட இரண்டு வருஷ உழைப்புதான் பிள்ளையைச் சரியாகக் காட்டுகிறது. ஆகவே இந்த வருஷத்திலிருந்தே இரண்டையும் பாதிக்குப் பாதி சேர்க்கலாம் என்று, அன்று கூடவிருந்த சேர்க்கைக் கமிட்டிக்கு அறிக்கை எழுதினார். செல்வமேரியின் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும் என்பதால் அவளே அதைப் பிரதி எடுத்துக் கொடுத்தாள்.

வினை அங்கேதான். அந்த வருஷ நுழைவுத் தேர்வில் செல்வமேரி மூன்றாவது. பிளஸ் டூவிலோ ஆயிரத்து இருநூறுக்கு அறுநூற்றுத் தொண்ணூற்று நான்கு. பாதிக்குப் பாதி சேர்த்தால் அவள் நாற்பத்தேழாவது ஆகிவிடுகிறாள். அப்பா எழுதிய அறிக்கையை அவள் பிரதி எடுத்தாள். அதில் தன் சீட் போவதையும் அவளே பார்த்தாள்.

"அடித்தல் திருத்தல் ஏதும் இல்லியே கண்ணு?" வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார் மரியஜோசப்.

"இல்லீங்கப்பா."

"வருத்தமா இருக்குதா?"

"நீங்க எழுதுனதுல பொய் இருக்குதுங்களா?"

"இல்ல."

"அப்பறம் என்னங்கப்பா. ஜீப்பு வந்துருச்சு, போங்க."

அவள் அழுதிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஏற்காட்டு மலையில், தலைச்சோலை எஸ்டேட்டிலிருந்து பஸ் நிற்கிற ஒண்டிக்கடைக்குப் போகிற ஜீப்பில், பனிமூட்டத்துக்குள், பத்துப் பேர் முட்டி இடிக்க உட்கார்ந்து போனார். நெஞ்சு கனத்தது. ஆனாலும் தன் பிள்ளைக்காகக் கணக்கை வளைக்கவில்லை என்ற நிமிர்வும் அந்த நெஞ்சில்தான் இருந்தது. அந்த நிமிர்வு மத்தியானம் வரைதான் தாங்கப்போகிறது என்று பாவம், அவருக்குத் தெரியாது.

வீட்டில் சாந்தாமேரி டிரங்குப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஹாஸ்டலுக்கென்று அவள் தம்பி மரியஅந்தோணி வாங்கி வந்த பச்சைப் பெட்டி.

"சாயங்காலம் வெள்ளைப் பெயிண்டு வாங்கியாந்து பேரு எழுதீரோணும் கண்ணு. ம. செல்வமேரி, பி.எஸ்சி."

"பேரு எழுத வேண்டாங்கம்மா."

"ஏன், உனக்குப் பெட்டி புடிக்கலியா?"

"சீட் இல்லீங்க எனக்கு."

சாந்தாமேரி காப்பி எஸ்டேட்டில் பழம் பறிக்கிற பெண்களுக்கு மேஸ்திரி. ஒரு மேட்டில் நின்று கூப்பிட்டால் அடுத்த மேட்டில் இருப்பவள் திரும்பிப் பார்ப்பாள். அப்படிப்பட்டவளுக்கு இப்போது முணுமுணுப்புதான் வந்தது. அதே பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"மூணாவது வந்தவளுக்கு இல்லாத சீட்டு பின்ன யாருக்கு?"

செல்வமேரி அறிக்கையின் முதல் பிரதியையும் அதோடு இருந்த பெயர்ப் பட்டியலையும் எடுத்து வந்து எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவும் தானும் சேர்ந்து மறைத்ததையும் சொன்னாள். புருஷன் மேல் கோபம் வந்தது சாந்தாமேரிக்கு. எஸ்டேட் முழுக்க அவள் தமுக்கடித்திருக்கிறாளே, நாளைக்கு யார் முகத்தில் விழிப்பது? ஆனால் அறுநூற்றுத் தொண்ணூற்று நான்கு என்ற இடம் வந்தபோது அந்தக் கோபம் அவள் பக்கமே திரும்பிவிட்டது.

"அந்த மார்க்கு நான் வாங்கிக் குடுத்தது சாமி," என்றாள்.

போன டிசம்பரில் காப்பி மொத்தமாகப் பழுத்துக்கொண்டது. மழை விட்டு விட்டு அடிக்க, பழுத்ததெல்லாம் மண்ணில் உதிரத் தொடங்கியது. ஆள் போதவில்லை. சாந்தாமேரி தொழிலாளர் லைன் வீடுகளில் கதவு கதவாகத் தட்டிப் படிக்கிற பெண்களையும் கூப்பிட்டாள். ஊரார் பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டுத் தன் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. முதல் ஆளாகச் செல்வமேரியை இழுத்துப் போனாள். டிசம்பர், ஜனவரி இரண்டு மாதத்தில் செல்வமேரி பள்ளிக்கூடம் போனது பதினொரு நாள். மார்ச்சில் பரீட்சை.

இது போன வருஷத்துக் கதை மட்டும் இல்லை. சாந்தாமேரி மேஸ்திரியான நாளிலிருந்து ஒவ்வொரு பழக்காலமும் இப்படித்தான்.

"உங்கொப்பாரு இவ்வளவு பாத்தாரே, மார்க்கு கம்மியா வந்த புள்ளைங்க ஒருத்திகூட நல்லா வரலியாமா?"

"வந்திருக்காங்கம்மா. வருசா வருசம் பள்ளி மார்க்குல கடைசிப் பத்துன்னு எடுத்தா அறுபது பேரு. அதுல பதினெட்டுப் பேரு முதல் வகுப்பு. அப்பா அதை விதிவிலக்குன்னு ஒரே வரியில முடிச்சுட்டாரு."

"யாரு அந்தப் பதினெட்டுப் பேரு? படி பாக்கலாம்."

"டி. தேவகுமாரி, ஏற்காடு அஞ்சல்."

"நம்ம தேவசிகாமணி மவ. எங்கூட நாலு வருசம் பழத்துக்கு வந்தவ."

"எம். பாப்பாத்தி, ஏற்காடு அஞ்சல்."

"மஞ்சக்குட்டை ஆராயி மவ. நொம்ப வேகமாப் பறிப்பா."

மூன்றாவது பெயருக்கும் அம்மா தலையாட்டியபோது செல்வமேரிக்கு மேல் சிலிர்த்துவிட்டது. ஒண்டிக்கடையில் கடை வைத்திருக்கிற முருகேசன் மகளுக்கும் ஏற்காடு அஞ்சல்தான், தலைச்சோலை லைன் வீட்டுப் பெண்ணுக்கும் ஏற்காடு அஞ்சல்தான். ரிஜிஸ்டரைப் பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்று. பழத்துக்குப் போனவள் யார், போகாதவள் யார் என்பது எந்தக் கட்டத்திலும் இல்லை.

"இருங்கம்மா. நல்லா வந்தவங்களை மட்டும் எண்ணுனா அப்பா ஒத்துக்க மாட்டாரு. அறுபது பேரையும் படிக்கிறேன். பழத்துக்கு வந்தவங்களை மட்டும் சொல்லுங்க. தெரியலீன்னா தெரியலீன்னு சொல்லோணும்."

அறுபது பெயர் படித்து முடிக்க அரை மணி ஆயிற்று. பழத்துக்கு வந்தவர்கள் பதினாறு. அதில் முதல் வகுப்பு பதிமூன்று. மற்ற நாற்பத்து நான்கு பேரில் முதல் வகுப்பு ஐந்தே ஐந்து.

செல்வமேரி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள். பள்ளி மார்க் பொய் சொல்வதில்லை, அப்பா எழுதியது சரிதான். இந்தப் பதினாறு பேர் விஷயத்தில் மட்டும் அது படிப்பைக் காட்டவில்லை, பழத்துக்குப் போன நாளைத்தான் காட்டியிருக்கிறது. ஹாஸ்டலில் உட்கார்ந்து, டிசம்பரிலும் புத்தகத்தைத் தொட முடிந்த பிறகு அவர்கள் யார் என்பது தெரிந்துவிட்டது.

"கமிட்டி எத்தன மணிக்கு?"

"மூணு மணிக்குங்க."

சாந்தாமேரி எழுந்தாள். வாசலில் நாற்றுப் பண்ணை வேலைக்குக் காத்திருந்த பெண்களிடம், "இன்னிக்கு நான் வரலே. எஸ்டேட்டு ரைட்டரு கேட்டா எம்பட புள்ளை சோலியாப் போயிருக்குறேன்னு சொல்லுங்க," என்றாள். ஒன்பது வருஷத்தில் அவள் முன்கூட்டிச் சொல்லாமல் எடுத்த முதல் லீவு அது.

கல்லூரி வாசலில் பியூன் காளியப்பன் அவர்களைப் பார்த்ததும் உள்ளே ஓடினான். மணி பன்னிரண்டே கால். வெளியே வந்த மரியஜோசப், மனைவியின் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் வெளியாகிவிட்டது என்று புரிந்துகொண்டார்.

"சாந்தா, சாயங்காலம் நானே சொல்றதாத்தான்..."

"அதை ஊட்டுல பேசிக்கலாமுங்க. இப்ப இதப் பாருங்க." மகள் கையிலிருந்த தாளை வாங்கி நீட்டினாள்.

அவர் கணக்கு தெரிந்தவர். ஒரு தடவை பார்த்ததும் போதுமாக இருந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இதை நான் குடுத்தா என்ன சொல்லுவாங்க தெரியுமா? மவளுக்குச் சீட்டு போகுதுன்னதும் ஹெட் கிளார்க்கு புதுசா ஒரு கணக்குக் கொண்டாந்துட்டாருன்னு சொல்லுவாங்க. இருபது வருசமா இந்த ஆபீசுல ஒருத்தரும் என்னையக் கை நீட்டிப் பேசுனது இல்ல."

"ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன். இவங்க மலைப் புள்ளைங்கன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

அவர் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தார்.

"பாதி தெரியும்," என்றார் கடைசியில். "தேவகுமாரி பேரைப் பாத்ததும் தெரிஞ்சுது. மலைக்காரன் மலைக்காரிக்குப் பேசுறான்னு வந்துருமேன்னு மேல தோண்டல."

"உங்க பேரு கெடக்கூடாதுன்னு பதினாறு புள்ளைங்க பாடுபட்டதை ஒரு வரியில மூடிட்டீங்க. இவளை உடுங்க. இவ வேற காலேஜுல படிச்சுக்குவா. அடுத்த வருசம் ஆராயியோட சின்னவ வருவா, அவளுக்கு யாருங்க பேசுவாங்க?"

மரியஜோசப் மகளைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

"காலையில பொய் இருக்குதான்னு கேட்டேனுங்கப்பா," என்றாள் செல்வமேரி மெதுவாக. "இல்லீன்னீங்க. பொய் இல்லதான். ஆனா முழுசும் இல்லீங்க."

அவருக்கு அது சுருக்கென்று தைத்தது. வெட்கமாகவும் இருந்தது, இப்படிக் கேட்கிற பெண்ணைப் பெற்றோமே என்று பெருமையாகவும் இருந்தது. தாளை மடித்து ஃபைலுக்குள் வைத்தார். "வாங்க ரெண்டு பேரும்," என்று முன்னால் நடந்தார்.

மதர் கண்ணாடியை ஏற்றி இறக்கி அந்தத் தாளை மூன்று தடவை படித்தார்.

"இந்தப் பதினாறு பேர் பழம் பறிக்கப் போனாங்கன்னு எதில் எழுதியிருக்கு?"

"எதுலயும் இல்லீங்க மதர்," என்றாள் சாந்தாமேரி. "படிக்கிற புள்ளைங்க பேரை எஸ்டேட்டு செக்ரோல்ல, அதான் கூலிப் பதிவுல, ஏத்த மாட்டாங்க. அதுங்க அம்மா பேர்லதான் பறிக்கும். அம்மா சாக்குலதான் கொட்டும்."

"எழுத்தில் இல்லாததை யார் சொல்லி நான் நம்பறது?"

"கூப்பிட்டவ நாந்தானுங்க. ஊடு ஊடாப் போயி, படிச்சது போதும் வாடின்னு கூட்டிட்டுப் போனவ நாந்தான். மார்க்கு கொறஞ்சதுக்குப் பாதிப் பழி எம்மேல. அதனால நாந்தான் சொல்லோணும்."

இதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. தலையை மட்டும் குனியவில்லை.

"மதர், நாற்பத்தேழாவதா இருக்கறது எம்பட மவ," என்றார் மரியஜோசப். "அதையும் சேத்தே பாருங்க. இதை நான் மொதல்லயே எழுதியிருக்கோணும். எழுதாதது என் தப்பு."

மதர் அந்தத் தாளை அறிக்கையோடு சேர்த்து வைத்தார்.

"பாதிக்குப் பாதி சரிதான், அதை நான் மாத்தப்போறதில்லை," என்றார். "முப்பத்தஞ்சு இடம் அந்தக் கணக்கிலேயே போகும். அஞ்சு இடத்தைத் திங்கட்கிழமை வரைக்கும் நிறுத்தி வைக்கக் கமிட்டியில் கேட்கறேன். நுழைவுத் தேர்வில் நல்லா எழுதியும் பள்ளி மார்க்கில் சறுக்கின மலைப் பிள்ளைகளுக்காக. ஆனா வாய் வார்த்தை போதாது. உங்க மகளோடதும் இந்தப் பதினாறு பேரோடதும் டிசம்பர், ஜனவரி வருகைப் பதிவு பள்ளிக்கூடத்தில் இருக்கும். அதைக் காட்டுங்க. மரியஜோசப், அந்தப் பதிவை நீங்க தொடக் கூடாது."

"நானே அதைச் சொல்லலாம்னு இருந்தேனுங்க."

ஐந்து இடத்தை நிறுத்தி வைக்கக் கமிட்டி ஒத்துக்கொண்டது; மலையேறுகிற பஸ்ஸில் சாந்தாமேரிக்குக் கால் தரையில் பாவவில்லை. நிலக்கடலை வாங்கி மகள் மடியில் போட்டாள். "வருகைப் பதிவுதானே, பள்ளிக்கூடத்துல கேட்டா நாளைக்கே குடுத்தர்றாங்க," என்று மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

செல்வமேரி கடலையைத் தொடவில்லை. எட்டாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும்தான் வாயைத் திறந்தாள்.

"அம்மா, ரிஜிஸ்டர்ல நான் ஒரு நாள்கூட லீவு இல்லீங்க."

"பதினோரு நாள்தானே போனே?"

"வருகை கொறஞ்சா பரீட்சை எழுத உட மாட்டாங்க. அதனால பழத்துக்குப் போற புள்ளைங்களுக்கெல்லாம் பார்வதி டீச்சரு வந்ததாவே போட்டுருவாங்க. வருசா வருசம் அப்படித்தானுங்க. அந்தப் பதினாறு பேருக்கும் அப்படித்தான் இருக்கும்."

கண்டக்டர் விசிலடிக்க, பஸ் அடுத்த வளைவில் முனகிக்கொண்டு திரும்பியது. செக்ரோலில் இந்தப் பெண்கள் இல்லவே இல்லை. பள்ளி ரிஜிஸ்டரிலோ ஒரு நாள் தவறாமல் இருக்கிறார்கள். இரண்டு புத்தகமும் சேர்ந்து, இவர்கள் பழமே பறிக்கவில்லை என்று சத்தியம் செய்யும். மிச்சமிருந்த பன்னிரண்டு வளைவுக்கும் சாந்தாமேரி மகள் மடியில் கிடந்த கடலையை உரித்துக்கொண்டே வந்தாள்.

"டீச்சரு ஊடு எங்க?"

"ஒண்டிக்கடைக்குப் பின்னால."

"அங்கயே எறங்கிக்கலாம்."

பார்வதி டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். குடைகூட இன்னும் மடக்கவில்லை. ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி. அவர்கள் சொல்லச் சொல்ல அவள் முகம் சுருங்கியது.

"ரிஜிஸ்டர்ல பொய் எழுதுனேன்னு நானே ஒத்துக்கோணும். அதுக்குத்தானே வந்தீங்க?"

"ஆமாங்க டீச்சர்," என்றாள் சாந்தாமேரி. சுற்றி வளைத்துப் பேச அவளுக்குத் தெரியாது. "கேக்கறது தப்புன்னு தெரியுமுங்க. ஆனா வேற வழி இல்லீங்க."

"ஒவ்வொரு வருசமும் ரிசல்ட்டு வந்தா நான் இந்தப் புள்ளைங்க மார்க்கைத்தான் மொதல்ல பாப்பேன். பொய் எழுதி உக்கார வெச்சும் இவ்வளவுதானேன்னு இருக்கும். அப்பறம் அதுங்க எங்க போச்சு, என்ன ஆச்சுன்னு ஒண்ணும் தெரியாது."

"பதிமூணு பேரு முதல் வகுப்புங்க டீச்சர்," என்றாள் செல்வமேரி.

"எத்தன?"

"பதினாறுல பதிமூணு."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "பேரைப் படி," என்றாள்.

செல்வமேரி படித்தாள். தேவகுமாரி, பாப்பாத்தி, சகாயமேரி என்று ஒவ்வொரு பெயரும் வர வர டீச்சரின் உதடு கூடவே அசைந்தது. பதிமூன்றாவது பெயர் முடிந்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை சிரிக்கவும் செய்தாள்.

"நான் எழுதிக் குடுத்தா திங்கக்கிழமை அது காலேஜுக்குப் போகும். செவ்வாக்கிழமை எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் மேசைக்கு வரும். புதன்கிழமை நான் வேலையில இருப்பனான்னு எனக்குத் தெரியாது."

அம்மாவும் மகளும் நின்றுகொண்டே இருந்தார்கள். உட்காரச் சொல்லவும் டீச்சருக்குத் தோன்றவில்லை, உட்கார அவர்களுக்கும் தோன்றவில்லை. டீச்சர் எழுந்து போய் மேசை இழுப்பறையைத் திறந்து, கோடு போட்ட வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பேனா இருக்குதா கண்ணு?" என்றாள்.